இல்லாத அடைப்புக்குறி

நீங்கள் இப்போது பராமரிக்கும் பார்சரில், நிரலை வாசித்துப் பிரித்துக் கொடுக்கும் அந்த மென்பொருளில், ஒரு விதி இருக்கிறது: ஊகித்துச் சேர்த்த எதையும் அடுத்த முறை மறுபடி பயன்படுத்தாதே. அந்த விதியை எடுத்துவிட்டால் எடிட்டர் இன்னும் வேகமாக ஓடும் என்று உங்களில் ஒருவர் போன கிழமை எழுதியிருந்ததாகக் கேள்விப்பட்டேன். ஓடும்தான். அவர் அளந்து பார்த்தது சரி. அந்த விதி எப்படி அங்கே வந்தது என்பது உங்கள் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதற்குப் பிறகு வைப்பதும் எடுப்பதும் உங்கள் விருப்பம்.

நான் சிலாபத்துக்காரி. என் வேலைக்காலத்தின் பின்பாதி முழுவதும் இந்தப் பார்சரோடுதான் போயிற்று. அப்போது எங்கள் அலுவலகம் சிலாபம் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருந்தது. கீழே தேங்காய் எண்ணெய் மொத்தமாக விற்கும் கடை. எங்கள் உடுப்பெல்லாம் அந்த வாசனையோடுதான் வீட்டுக்குப் போகும்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் எடிட்டரில் நிரல் எழுதும்போது அவர் தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் முழுக் கோப்பையும் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க முடியாது. ஏற்கெனவே வாசித்துக் கட்டிய மரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதைச் சொல்வது அந்த மரம்தான். மாறிய இடத்தை மட்டும் பிரித்து வாசித்து, மிச்சக் கிளைகளைப் பழைய மரத்திலிருந்து அப்படியே எடுத்துப் பொருத்துகிறோம். வேகம் முழுவதும் அந்தப் பொருத்துதலில்தான் இருக்கிறது.

ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் இருக்கும். திறந்த அடைப்புக்குறி மூடப்பட்டிருக்காது. பழைய பதிப்பில் அப்படியொரு இடம் வந்தால் எங்கள் பார்சர் ‘இந்தப் பகுதி புரியவில்லை’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடும். எந்தச் சொல் எந்த வகை என்று திரையில் காட்டும் நிறங்கள் அந்தப் பகுதியில் போய்விடும், அடைப்பை மூடினதும் திரும்ப வரும். பார்க்க எரிச்சலாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர், எடிட்டர் செய்து விற்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனம், இதைத் திருத்தினால்தான் தங்கள் எடிட்டரின் அடுத்த பதிப்பிலும் எங்கள் பார்சர் இருக்கும் என்று சொல்லிவிட்டது.

திருத்தியவள் திலினி. சிங்களப் பிள்ளை, எங்களோடு தமிழில்தான் கதைப்பாள். எங்கள் குழுவில் அவளைவிடக் கூர்மையானவர்கள் இல்லை. அவள் எழுதிய புதிய பதிப்பு, மூடாத அடைப்பு எங்கே வரவேண்டும் என்று ஊகித்து, அந்த இடத்தில் ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு மரத்தைக் கட்டியது. அடைப்பு தேவைக்கு மேல் வந்துவிட்டால் சத்தமில்லாமல் தள்ளிவைத்தது. நிறங்கள் அசையவே இல்லை. வாடிக்கையாளருக்குக் காட்டினோம், கைதட்டினார்கள். நாங்கள் பதிப்பை வெளியிட்டோம். வேறு எடிட்டர்கள் சில அதை உடனே எடுத்துக்கொண்டன. அவர்களுடைய எடிட்டர் வெளிவருவதற்கு நாளும் குறித்தாயிற்று.

அந்த நாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் கற்பிட்டியிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. மத்தியான நேரம். நான்தான் எடுத்தேன்.

“மிஸ், என்ட பேர் ரிஸ்வான். உங்கட பார்சர பாவிக்கிற ஆள் நான். எனக்குக் கண் பார்வை இல்ல. திரையில இருக்கிறத வாசிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர் வெச்சுத்தான் கோட் எழுதுறன்” என்றார்.

“சொல்லுங்க.”

“ஒரு விஷயம் நடந்துபோச்சு. அது என்ட பிழையா, உங்கட பிழையா எண்டு மட்டும் எனக்குத் தெரியணும். வேற ஒண்டும் வேணாம்.”

கோபம் இருந்ததா என்று கேட்டால், குரலில் இல்லை. பலமுறை தனக்குள் சொல்லிப்பார்த்துவிட்டு வந்த ஆளைப்போல நிதானமாகக் கதைத்தார்.

நடந்தது இதுதான். ரிஸ்வான் கற்பிட்டியில் மீன்பிடிச் சங்கம் ஒன்றுக்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தார். கடற்காற்று எல்லையைத் தாண்டும் என்று வானிலை அறிவிப்பு வந்தால், சங்கத்தில் உள்ள எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் அது எச்சரிக்கை அனுப்பும். இரண்டு வருஷமாக ஒழுங்காக வேலை செய்தது. சிலர் எண்ணை மாற்றிவிட்டதால், வேலை செய்யாத எண்களை ஒதுக்கிவைக்க ஒரு சிறு திருத்தம் செய்தார். ‘எண் வேலை செய்யவில்லை என்றால்’ என்று ஒரு நிபந்தனை, அதற்குள் ஒதுக்கிவைக்கும் வரி, பிறகு நிபந்தனையை மூடும் அடைப்பு, அதற்குக் கீழே ‘காற்று கூடினால் எச்சரிக்கை அனுப்பு’. திருத்தும்போது அந்த அடைப்பு கைதவறி அழிந்துவிட்டது.

இது யாருக்கும் நடப்பதுதான். ரிஸ்வானும் திருத்தியதைச் சரிபார்த்தார். அவருடைய எடிட்டர், எங்கள் மரத்தை வைத்து, அவர் ஒவ்வொரு வரியாக நகரும்போது எந்த நிபந்தனைக்குள் இருக்கிறார், எது எங்கே முடிகிறது என்று குரலில் சொல்லும். ஒதுக்கிவைக்கும் வரியைத் தாண்டியதும் ‘நிபந்தனை முடிந்தது’ என்று அது சொன்னது. எச்சரிக்கை வரி வெளியே இருக்கிறது என்றும் சொன்னது. ஆனால் நிரலை ஓட்டப்போனால் ஓர் அடைப்பு குறைகிறது என்று கம்பைலர் நிறுத்திவிட்டது. மேலே எல்லாம் மூடியிருக்கிறது என்று குரல் அடித்துச் சொல்கிறதே, அப்படியானால் குறைவது கடைசியில்தான் என்று நினைத்து, கோப்பின் கடைசியில் ஒன்றைப் போட்டார். நிரல் ஓடியது.

இப்போது எச்சரிக்கை அனுப்பும் வரி முதல் நிபந்தனைக்குள் சிக்கிக்கொண்டது. வேலை செய்யாத எண்களுக்கு மட்டும் எச்சரிக்கை போகும். வேலை செய்கிற எண் எதற்கும் போகாது.

கடல் அமைதியாக இருந்த காலம் அது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு காற்றுக் காலம் தொடங்கிற்று. ஒரு நாள் பின்னேரம் ரிஸ்வான் வானொலி கேட்டுக்கொண்டிருந்தபோது, கடற்காற்று பலமாக வீசும் என்று அறிவித்தார்கள். அவருடைய கைத்தொலைபேசியும் அந்த எண்களில் ஒன்று. அது சத்தமே போடவில்லை. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார். பாதிப் படகுகள் கரையில் இருந்தன. சிலர் பாதிவழியில் திரும்பினார்கள். அவருடைய அக்காவின் கணவர் அப்படித் திரும்பிய படகொன்றில் இருந்தார். ஒரு படகுக்கு மட்டும் தொடர்பு கிடைக்கவில்லை. அது மறுநாள் பொழுது நன்றாக விடிந்த பிறகு, இயந்திரம் நின்றுபோய், வேறொரு படகு இழுத்துவரத்தான் கரைசேர்ந்தது. அதில் ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது.

“சங்கத்தில என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“கண் தெரியாதவன்ட்ட குடுத்தது எங்கட பிழை எண்டு சொன்னாங்க. அப்பிடித்தான் சொல்லுவாங்க மிஸ். நானும் முதல்ல என்ட பிழை எண்டுதான் நெனச்சன். பெறகு அதே அடைப்ப அழிச்சு அழிச்சு நூறு தடவ கேட்டுப் பாத்தன். இல்லாத அடைப்ப இருக்கு எண்டு சொல்லுது.”

நான் திலினியிடமும் எங்கள் பொறுப்பாளரிடமும் சொன்னேன். பொறுப்பாளரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் அதை விரும்பமாட்டார். அதிகம் கதைக்காத மனிதர். நான் சொல்லி முடிக்கும்வரை பேனையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

திலினி உடனே மறுத்தாள். “அக்கா, அடைப்ப அழிச்சது அவர். கம்பைலர் பிழை இருக்கு எண்டு சொல்லியிருக்கு. சோதிச்சுப் பாக்காம ஓட்டினதும் அவர். எங்கட ஊகம் ஊகம்தானே, உள்ளுக்குள்ள நான் அடையாளம் போட்டு வெச்சிருக்கிறன்.”

“அந்த அடையாளம் வெளியில தெரியுமா?”

“நிறம் போடுறதுக்கு அது தேவையில்ல. அதால வெளியில குடுக்கல்ல.”

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த அடையாளத்தையும் வெளியே கொடுத்துவிட்டால் போதும், ‘இது ஊகம்’ என்று குரல் சொல்லிவிடும், அரை நாள் வேலை என்றுதான் நானும் நினைத்தேன். பொறுப்பாளர் மட்டும், “ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க” என்றார். வாடிக்கையாளரின் நாள் நெருங்குகிறது என்று திலினி ஞாபகப்படுத்தினாள். “அதுக்குத்தான் இப்ப போகச் சொல்றன்” என்றார்.

அடுத்த நாள் காலையில் பஸ்ஸில் புறப்பட்டோம். முந்தல் ஊரைத் தாண்டும்வரை திலினி மடிக்கணினியில் எதையோ பார்த்துக்கொண்டே வந்தாள். பாலாவிச் சந்தியில் இறங்கி கற்பிட்டி பஸ் பிடித்தோம். உப்பளங்களில் வெயில் தெறித்து மடிக்கணினியில் ஒன்றும் தெரியவில்லை என்று மூடிவைத்தாள்.

ரிஸ்வானின் வீடு பள்ளிவாசலுக்குக் கிட்ட. முன் அறையில் ஒரு மேசை, மூன்று கதிரைகள். அவருடைய உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவடியிலேயே நின்றார். மேசையில் கணினித் திரை இருந்தது, ஆனால் அணைந்திருந்தது. திலினி அதைப் போடப் போனாள். “அது பழுது மிஸ். எனக்கு என்னத்துக்கு? கேளுங்க” என்றார் ரிஸ்வான்.

முதலில் அவருடைய வழக்கமான வேகத்தில் ஓடவிட்டார். எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை, கடுகு பொரிகிற மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். பிறகு திருத்தம் செய்யும் முன்பு இருந்த கோப்பைத் திறந்து, அந்த அடைப்பை அழித்தார். கீழே நகர்ந்தார். ‘நிபந்தனை முடிந்தது’ என்றது குரல்.

“இந்த இடத்தில இப்ப ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல” என்றாள் திலினி.

“திரும்பக் கேளுங்க.”

திரும்பவும் அதையே சொன்னது. வேறு எந்தத் தொனியும் இல்லை. இருக்கிற அடைப்பைச் சொல்லும் அதே குரல். நான் அத்தனை வருஷம் இந்த மரத்தைப் படமாகத்தான் பார்த்திருந்தேன். கண்ணால் பார்ப்பவருக்கு நிறம் ஒரு வசதி; அது பிழைத்தாலும் எழுத்து கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ரிஸ்வான் எழுத்தெழுத்தாகவும் கேட்கலாம்தான். ஆனால் ஆயிரம் வரிகளை அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒருவர் வேலை செய்வது எப்போது? அந்தச் சிரமம் வேண்டாம், நாங்கள் சொல்கிறோம் என்றுதானே பார்சர் எழுதுகிறோம்.

திலினி தன் மடிக்கணினியை அவருடையதோடு இணைத்தாள். அடையாளத்தை அந்த இடத்திலேயே வெளியே எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். அடைப்பை அழித்ததும் குரல் ‘ஊகம்’ என்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

“வேற எங்கயாவது ஒரு எழுத்துத் தட்டுங்க” என்றாள் திலினி.

ரிஸ்வான் மேலே போய் ஒரு பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்தார். கீழே வந்தார். குரல் ‘நிபந்தனை முடிந்தது’ என்றது. ‘ஊகம்’ என்ற சொல் வரவில்லை.

திலினி கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடைப்பு அழிந்தபோது அவளுடைய பகுதி ஊகித்து, அடையாளமும் போட்டது. அடுத்த எழுத்தைத் தட்டியதும், மாறாத கிளைகளைப் பழைய மரத்திலிருந்து எடுத்துப் பொருத்தும் எங்கள் அடிப்படை வேலை தொடங்கியது. அந்தக் கிளைகளில் ஊகித்ததும் ஒன்று. பொருத்தும் பகுதி பல வருஷங்களுக்கு முன் எழுதப்பட்டது. ஊகம் என்று ஒன்று வரும் என்று அதற்குத் தெரியாது. அடையாளத்தை உதிர்த்துவிட்டு, அசல் கிளை என்றே பொருத்திக்கொண்டது. ஒரே ஒரு எழுத்து, ஊகம் உண்மையாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பை மூடித் திறக்கும்வரை அது உண்மைதான். ரிஸ்வான் கடைசியில் சேர்த்த அடைப்பை அது உபரி என்று சத்தமில்லாமல் தள்ளிவைத்ததும் அதனால்தான்.

“அந்தப் புதுப் பகுதிய எழுதினது நான்தான்” என்றாள் திலினி.

ரிஸ்வான் தலையாட்டினார். “அப்ப என்ட பிழை இல்ல” என்றார். கதவடியில் நின்ற அவருடைய உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் திலினியும் நானும் வாக்குவாதப்பட்டோம். அடையாளம் உதிராமல் பார்த்துக்கொண்டால் போதும், நிறங்களும் அசையாது, வாடிக்கையாளரும் கோபிக்கமாட்டார் என்பது என் யோசனை. அவள் கேட்கவில்லை. “உதிராம பாக்கலாம் அக்கா. ஆனா ஊகத்துக்கு மேல அடுத்த ஊகத்தக் கட்டுவம். அதுக்கு மேல இன்னொண்டு. எல்லாத்திலயும் அடையாளம் இருக்கும், ஒண்டும் சரியா இருக்காது. ஊகிச்சத ஒவ்வொரு தடவையும் வீசிட்டுப் புதுசா வாசிக்கணும். ஊகிக்கிற இடத்த வெளியில ‘தெரியாது’ எண்டே சொல்லணும்.” அப்படிச் செய்தால் நிறங்கள் திரும்பவும் அசையும். வேகமும் குறையும். கைதட்டல் வாங்கிய இரண்டையும் அவளே கழற்றிப் போடச் சொன்னாள்.

அலுவலகத்தில் பொறுப்பாளரிடம் இரண்டையும் சொன்னோம். எது சரியென்று அவர் உடனே சொல்லவில்லை. “பிழை இருக்கு எண்டது உறுதிதானே?” என்று மட்டும் கேட்டார். உறுதி என்றோம். தொலைபேசியை எடுத்து வாடிக்கையாளரைக் கூப்பிட்டார்.

“சேர், திருத்திட்டுச் சொல்லலாமே. ரெண்டு நாள் போதும்” என்றேன்.

“அந்த ரெண்டு நாளும் ஆக்கள் அத பாவிச்சுக்கொண்டு இருப்பாங்கதானே” என்றார்.

எங்கள் முன்னிலையிலேயே கதைத்தார். புதிய பதிப்பு இல்லாத அடைப்பை இருப்பதாகச் சொல்கிறது, அதனால் ஒரு மனிதருக்குக் காயம் பட்டிருக்கிறது, பதிப்பை இன்றைக்கே திரும்பப் பெறுகிறோம், திருத்தியது மெதுவாக இருக்கும், நிறமும் அசையும். ஒன்றையும் மெருகூட்டவில்லை. மறுமுனையில் நெடுநேரம் கதைத்தார்கள். அவர் “விளங்குது” என்று சில தடவை சொன்னார். வைத்துவிட்டு எங்களிடம், “அவங்க கோபமா இருக்கிறாங்க. நீங்க வேலையத் தொடங்குங்க” என்றார்.

பின்னால் என்ன நடந்தது என்று மறைக்கத் தேவையில்லை. அந்த நிறுவனம் தன் எடிட்டரை எங்கள் பழைய பதிப்போடு வெளியிட்டது. அடுத்த வருஷம் வேறொரு பார்சருக்கு மாறிவிட்டது. எங்கள் குழு சிறுத்தது. நல்ல பிள்ளைகள் சிலர் கொழும்புக்குப் போனார்கள். பொறுப்பாளர் செய்தது சரியா என்று அப்போது என்னிடம் கேட்டிருந்தால் நான் தயங்கியிருப்பேன். இப்போது தயங்கமாட்டேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நேர்மையாக நடந்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வரவில்லை.

திருத்திய பதிப்பு வெளிவந்த பிறகு, கற்பிட்டிச் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூடியது. ரிஸ்வானை வைத்திருப்பதா இல்லையா என்பதுதான் பேச்சு. எங்களை யாரும் கூப்பிடவில்லை. திலினிதான் போகவேண்டும் என்றாள். நானும் போனேன்.

மீனவர் தங்கும் வாடிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. முப்பது நாற்பது பேர். திலினி எழும்பி, தனக்குத் தெரிந்த தமிழில், அடைப்பு அழிந்ததிலிருந்து சொன்னாள். அடைப்பு என்றால் என்னவென்று கேட்டார்கள். பெட்டிக்கு மூடி மாதிரி என்றாள். மூடி இல்லாத பெட்டியை மூடியிருக்கிறது என்று எங்கள் மிஷின் இவருக்குச் சொன்னது என்றாள்.

“அப்ப மிஷின் பொய் சொல்லிச்சு” என்றார் ஒருவர்.

“பொய் இல்ல ஐயா. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லிச்சு.”

முன் வரிசையில் கையைத் துணியால் கட்டித் தொங்கவிட்டபடி ஒருவர் இருந்தார். அவர்தான் காயப்பட்டவர். “அத எழுதினது யாரு பிள்ள?” என்று கேட்டார்.

“நான்.”

“இப்ப என்ன செஞ்சிருக்கிற?”

“திருத்திட்டன்.”

“எனக்குத் தோள் இன்னும் திருந்தல்ல” என்றார் அவர். திலினி நின்றபடியே நின்றாள். அவரே, “இரு பிள்ள, ஏன் நிக்கிற” என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “அந்தப் பொடியன் அண்டைக்கு ஒவ்வொருத்தருக்கா கோல் எடுக்காட்டி, திரும்பி வந்த படகுகளும் என்னப்போலத்தான் கெடந்திருக்கும்” என்றார்.

ரிஸ்வானை வைத்துக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை போட்டார்கள்: காற்று எச்சரிக்கை வரும் நாளில், செய்தி போனாலும் போகாவிட்டாலும், சங்கத்திலிருந்து ஓர் ஆள் கரைக்குப் போய்ச் சொல்லவேண்டும். ரிஸ்வான் அதற்குச் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். திலினி இப்போது வேறு நாட்டில் வேறு வேலையில் இருக்கிறாள். அந்தப் பக்கம் கடற்காற்று என்று செய்தியில் வந்தால் இன்றைக்கும் எனக்கு எழுதிக் கேட்பாள்.

நான் ஓய்வு பெற்ற கிழமையில் ரிஸ்வானோடு தொலைபேசியில் கதைத்தேன். வேறு கதைகளெல்லாம் கதைத்து முடிந்த பிறகு, “இப்ப எங்கட பார்சர நம்புறீங்களா?” என்று கேட்டேன்.

“முழுசா நம்புறதில்ல மிஸ்” என்றார். “அது ‘தெரியாது’ எண்டு சொல்ற இடத்தில நான் நிண்டு, ஒவ்வொரு எழுத்தா கையால தடவிப் பாக்கிற மாதிரிக் கேக்குறன். மத்த இடத்தில ஓடிப் போறன். முந்தி எனக்கு எங்க நிக்கிறதெண்டு தெரியாது.”